10 கிலோலிட்டர் ஆசிட் டேங்க்: 12 மி.மீ. பி.பி. ஷீட்டா, 20 மி.மீ. எச்.டி.பி.இ. ஷீட்டா?

சாயத்தண்ணி
திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறை இ.டி.பி.க்கு (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு) 33 சதவீத எச்.சி.எல். (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) சேமிக்கும் டேங்க். உள்விட்டம் 2 மீட்டர், அமிலம் நிற்கும் உயரம் 3 மீட்டர், டேங்கின் மொத்த உயரம் 3.3. வெட்டவெளி, கூரை இல்லை. கையில் இரண்டு கொட்டேஷன் இருக்கிறது. ஒன்று 12 மி.மீ. பி.பி. (பாலிபுரொப்பிலீன்) ஷீட், சாம்பல் நிறம், ஹாட் ஏர் வெல்டிங் (சூடு காற்றால் ராடை இளக்கி ஒட்டுவது). இன்னொன்று 20 மி.மீ. எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்), கறுப்பு, எக்ஸ்ட்ரூஷன் வெல்டிங் (உருக்கிய பிளாஸ்டிக்கைப் பிதுக்கி ஒட்டுவது). இரண்டாவது கிட்டத்தட்ட இருமடங்கு விலை. "பி.பி. எச்.டி.பி.இ.யைவிட ஸ்ட்ராங், 12 போதும்" என்பது முதல் ஆளின் வாதம். சரியா? டேங்கர் லாரி கம்ப்ரஸரில் காற்றடித்துத்தான் இறக்கும். பக்கத்தில் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) டேங்க் ஒன்று இருக்கிறது, இரண்டையும் ஒரே தடுப்புச் சுவருக்குள் வைத்துவிடலாமா?

மஞ்சள்_ஹெல்மெட்
கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: கூடவே கூடாது. எச்.சி.எல்.லும் ஹைப்போவும் கலந்தால் குளோரின் வாயு. இரண்டு டேங்கிலும் சேர்ந்து கசியணும்னு அவசியமில்லை. ஒன்றின் வால்வ் சொட்டு, இன்னொன்றின் பம்ப் சீல் சொட்டு, இரண்டும் ஒரே சாக்கடைக் குழியில் போய்ச் சேர்ந்தாலே போதும். தடுப்பு தனி, வடிகால் தனி, குழி தனி. இறக்கும் வாயில் இருக்கும் கப்ளிங்கும் வேறு வேறு சைஸ். ராத்திரி ரெண்டு மணிக்கு வரும் டிரைவர் மாற்றி மாட்டப் பார்த்தாலும் மாட்டவே முடியக்கூடாது. போர்டு எழுதி வைத்தால் மட்டும் போதாது.

தொட்டிக்கணக்கு
சார், இரண்டு கொட்டேஷனையும் ஓரமா வையுங்க. ஷீட் தடிமனை யாரும் வாயால் சொல்லக்கூடாது, கணக்கு வரணும். கணக்கு ஒன்றும் பெரிசில்லை.

33 சதவீத எச்.சி.எல். அடர்த்தி 1.16. மூன்று மீட்டர் உயரத்துக்கு அடியில் அழுத்தம் 1.16 × 9.81 × 3 = 34.1 கிலோபாஸ்கல், அதாவது சதுர மி.மீ.க்கு 0.0341 நியூட்டன். ஆரம் 1000 மி.மீ. பெருக்கினால் சுவரின் ஒவ்வொரு மி.மீ. உயரமும் 34.1 நியூட்டன் இழுவை தாங்கணும். இதைத் தடிமனால் வகுத்தால் சுற்றுவாட்டில் வரும் தகைவு.

அடுத்து ஷீட் எவ்வளவு தாங்கும். எச்.டி.பி.இ.யில் பி.இ.100 என்று ஒரு ரகம், அந்தப் பெயரிலேயே அது இருக்கிறது: 20 டிகிரியில் 50 வருஷத்துக்கு சதுர மி.மீ.க்கு 10 நியூட்டன். 40 டிகிரி என்றால் 0.74 ஆல் பெருக்கணும், 7.4. நம்ம ஊரில் 20 டிகிரிக்குக் கணக்குப் போடுகிறவரை நம்பாதீங்க. பாதுகாப்புக் காரணி 2, ஏன்னா உடைந்தால் ஆளுக்கு ஆபத்து. அமிலத்துக்காக ஒரு காரணி உண்டு. அதை ஷீட் தயாரிப்பாளர் பட்டியலிலிருந்து எழுத்தில் வாங்கணும், இங்கே உதாரணத்துக்கு 1.2 வைக்கிறேன்.

இனிமேல்தான் விஷயம். ஷீட் தாங்குவதை வெல்டும் தாங்காது. ஜெர்மன் வெல்டிங் சங்கத்தின் டி.வி.எஸ். 2205 கணக்குமுறையில் (மொபெட் கம்பெனி இல்லை!) நீண்டகால வெல்ட் காரணி மூன்று: சூடான தகடு வைத்து ஒட்டும் பட் வெல்டுக்கு 0.8, எக்ஸ்ட்ரூஷனுக்கு 0.6, ஹாட் ஏருக்கு 0.4. பாதுகாப்பும் அமிலமும் சேர்த்து 2 × 1.2 = 2.4ஆல் வகுத்துப் போட்டுப் பாருங்க.

பட் வெல்ட்: 7.4 × 0.8 ÷ 2.4 = 2.47. தடிமன் 34.1 ÷ 2.47 = 13.8, கடையில் வாங்குவது 15 மி.மீ.
எக்ஸ்ட்ரூஷன்: 7.4 × 0.6 ÷ 2.4 = 1.85. தடிமன் 18.4, வாங்குவது 20.
ஹாட் ஏர்: 7.4 × 0.4 ÷ 2.4 = 1.23. தடிமன் 27.7, வாங்குவது 30.

ஒரே டேங்க், ஒரே அமிலம், ஒரே ஷீட். ஒட்டும் முறை மாறினால் 15, 20, 30. உங்க இரண்டாவது கொட்டேஷன்காரர் கணக்குப் போட்டுத்தான் 20 என்று எழுதியிருக்கார்.

முதல் ஆளுக்கு வருவோம். இழுத்துப் பார்க்கும் சோதனையில் ஹோமோபாலிமர் (புரொப்பிலீன் மட்டுமே உள்ள) பி.பி. 30 பக்கம் காட்டும், எச்.டி.பி.இ. 23 முதல் 25. அதைப் பார்த்துத்தான் "ஸ்ட்ராங்" என்கிறார். ஆனால் அது ஒரு நிமிஷத்தில் இழுத்து அறுக்கும் சோதனை. வருஷக்கணக்கில் அழுத்தம் நின்றால் அந்த பி.பி.யின் பி.பி.எச்.100 ரகத்துக்கும் 20 டிகிரியில் அதே 10தான். வெயில் குறைப்பே போடாமல் சலுகை கொடுத்தாலும் 10 × 0.4 ÷ 2.4 = 1.67. தேவை 20.5 மி.மீ. அவர் தருவது 12.

கொங்குவெல்டர்
அப்போ ஊரெல்லாம் 10 மி.மீ., 12 மி.மீ. பி.பி. டேங்க் நிக்குதே அண்ணா, அதெல்லாம் எப்படி?

தொட்டிக்கணக்கு
நிற்கும் தம்பி. 12 மி.மீ.யில் தகைவு 2.84. ஹாட் ஏர் வெல்டின் நீண்டகாலத் தாங்குதிறன் 20 டிகிரியில் 4. வெயிலும் அமிலமும் அதில் எவ்வளவு தின்னும் என்பதுதான் மிச்சக் கதை. பிளாஸ்டிக் இரும்பு மாதிரி இன்றைக்கே வளைந்து காட்டாது. மூன்று நாலு வருஷம் ஒன்றும் தெரியாமல் நின்றுவிட்டு, ஒரு நாள் அடிப்பக்க நெடுக்கு வெல்ட் மேலிருந்து கீழாகப் பிளக்கும். தண்ணீர் டெஸ்டில் பாஸ் ஆன டேங்க்தான் அப்படிப் பிளக்கும், ஏன்னா அந்த டெஸ்ட் இரண்டு நாளையத்தான் சொல்லும். அதுவும் பல டேங்குகள் 1.5 மீட்டர்தான் நிரம்பியிருக்கும். பாதி உயரம் என்றால் பாதித் தகைவு, அதில் உயிர் பிழைத்தவைதான் நிறைய.

பாலிமர்வாத்தியார்
கணக்கோடு இன்னொரு கத்தி இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. ஷீட்டை உருளையாக வளைக்கும்போதே அதன் வெளித்தோல் இழுபடுகிறது. அந்த இழுவை தடிமன் ÷ விட்டம். எச்.டி.பி.இ.யைச் சூடாக்காமல் வளைக்க 1 சதவீதம் வரை ஒத்துக்கொள்வார்கள், ஹோமோபாலிமர் பி.பி.க்கு 0.5.

இப்போ பாருங்க. 15 மி.மீ. எச்.டி.பி.இ.: 15 ÷ 2000 = 0.75, சரி. 20 மி.மீ.: 1.0, எல்லைக்கோட்டில் நிற்கிறது. 12 மி.மீ. பி.பி.: 0.6, எல்லை தாண்டிவிட்டது, அடுப்பில் சூடாக்கித்தான் வளைக்கணும். பட்டறையில் பெல்ட் போட்டு இழுத்துக் கட்டி வெல்ட் வைத்தால் காலி டேங்கிலேயே தோலில் தகைவு ஏறி நிற்கும். "தடிமன் கூட்டினால் நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டு 30 மி.மீ. போட்டாலும் இதே சிக்கல்தான், 1.5 சதவீதம். 2 மீட்டர் டேங்கில் ஹாட் ஏர் வெல்டுக்கு உருப்படியான விடையே கிடையாது என்பதுதான் இதன் அர்த்தம்.

பி.பி. கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. 60, 70 டிகிரியில் ஓடும் பிக்ளிங் தொட்டிக்கு (இரும்பை அமிலத்தில் கழுவுவது), ஃப்யூம் டக்டுக்கு (ஆவி போகும் குழாய்), ஸ்க்ரப்பருக்கு (ஆவியைத் தண்ணீரில் கழுவுவது) அதுதான் வேணும். எச்.டி.பி.இ. அந்தச் சூட்டில் தளர்ந்துவிடும். ஆனால் சாம்பல் பி.பி.யை வெயிலில் நிறுத்துவது தப்பு. மேற்பரப்பு சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும், விரல் நகத்தால் சுரண்டினால் பொடி வரும், பிறகு சின்ன அடியிலேயே விரிசல் விடும். கறுப்பு எச்.டி.பி.இ.யில் 2 முதல் 2.5 சதவீதம் கார்பன் பிளாக் இருக்கும், அது புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். ஆனால் கறுப்பு சூட்டை உறிஞ்சும். அதனால் டேங்குக்கு மேல் ஒரு தகரக் கொட்டகை போடுங்க. ஷீட் தடிமனில் செலவழிப்பதைவிட மலிவு.

சாயத்தண்ணி
புரியுது. அப்போ 15 மி.மீ. பட் வெல்ட் கேட்கலாமா? இங்கே அந்த மெஷின் வைத்திருப்பவர்கள் குறைவு.

வெல்டுராடு
குறைவுதான், ஆனால் இருக்காங்க. கேட்கிற கேள்வி: "4 மீட்டர் நீள ஷீட்டை ஒட்டும் டேபிள் மெஷின் இருக்கா, உருளையாக்கின பிறகு கடைசித் தையலையும் அதே மெஷினில் மூட முடியுமா?" இரண்டாவதுக்கு ஆமா சொன்னால்தான் 0.8 போடலாம். மூணு தையல் பட் வெல்டும் கடைசித் தையல் கையாலும் என்றால் கணக்கு கடைசித் தையலுக்குத்தான். சங்கிலியின் இளைச்ச கண்ணி எது என்று பார்க்கணும்.

சுற்றளவு நடுக்கோட்டில் 6,330 மி.மீ. 2 × 4 மீட்டர் ஷீட் என்றால் ஒரு வளையத்துக்கு இரண்டு துண்டு, 3,165 வீதம். கீழ் வளையம் 2 மீட்டர், மேல் வளையம் 1.3. மேல் வளையத்தின் நெடுக்குத் தையல் கீழதோடு நேர்கோட்டில் வரக்கூடாது, செங்கல் கட்டு மாதிரி தள்ளி வைக்கணும். நாலு தையல் சந்திக்கிற கூட்டல் குறி எங்கேயும் வேண்டாம்.

15 மி.மீ. பி.இ.க்குத் தகட்டுச் சூடு 200 முதல் 220 டிகிரி. முதலில் சதுர மி.மீ.க்கு 0.15 நியூட்டன் அழுத்தத்தில் 2 மி.மீ. உதடு சுற்றிலும் வரும்வரை. பிறகு அழுத்தத்தைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறக்கி 150 விநாடி ஊறவிடு (தடிமன் மி.மீ. × 10 என்று ஞாபகம் வைத்தால் போதும்). தகட்டை எடுத்து 8, 10 விநாடிக்குள் இரண்டையும் சேர்த்துடணும். மறுபடி 0.15. அந்த அழுத்தத்திலேயே 16 முதல் 24 நிமிஷம் ஆறணும். இங்கேதான் திருட்டு நடக்கும். பத்து நிமிஷத்தில் கிளாம்ப் தளர்த்திடுவாங்க, உள்ளே நடுவில் இன்னும் மெழுகாகத்தான் இருக்கும். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. தண்ணி ஊத்தி ஆற வைக்கிறதும் அதே பாவம்.

எக்ஸ்ட்ரூஷன் பற்றி. தரையும் சுவரும் சேரும் மூலை, நாசில் (குழாய் மாட்டும் வாய்), மேன்ஹோல் எல்லாம் எப்படியும் எக்ஸ்ட்ரூஷன்தான், அதனால் இதைத் தப்பிக்க முடியாது. உருகி வரும் பிளாஸ்டிக் 210 முதல் 230 டிகிரி இருக்கும். பிரச்சினை அதில் இல்லை, அடிஷீட்டில். முன்னால் போகும் சூடு காற்று அடிஷீட் தோலை உருக்கலைன்னா, மேலே விழுற வெல்ட் ஈரச் சுவரில் ஒட்டின போஸ்டர் மாதிரி முழுசா உரிஞ்சு வரும். பார்க்க மட்டும் அழகா, பளபளன்னு இருக்கும். ஆள் வேகமா ஓட்டியிருக்கான்னு அர்த்தம்.

இன்னும் மூணு விஷயம். ஒண்ணு, சுரண்டல். ஷீட் தோலில் ஆக்சிஜன் பட்ட படலம் இருக்கும், 0.2 மி.மீ. போல ஸ்கிரேப்பரால் எடுக்கணும், எமரித் தாள் போட்டுத் தேய்த்தால் தூசி உள்ளே தங்கும். சுரண்டினது அன்றைக்கே வெல்ட் ஆகணும், மறுநாள்னா மறுபடி சுரண்டணும். ராடையும் சுரண்டணும், இதை யாரும் செய்யறதில்லை. ரெண்டு, ராடு ஈரம். கார்பன் பிளாக் ஈரம் இழுக்கும். ஐப்பசி கார்த்திகையில் திறந்து வைத்த ராடு சுருளைப் போட்டால் வெல்டை வெட்டிப் பார்க்கும்போது பன் மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். 80 டிகிரி அடுப்பில் காய வைத்துட்டு ஓட்டணும். மூணு, ராடும் ஷீட்டும் ஒரே குடும்பமா இருக்கணும். பி.பி. ராடு எச்.டி.பி.இ.யில் ஒட்டின மாதிரி நடிக்கும், ஒட்டாது. பி.இ.க்குள்ளேயும் உருகு ஓட்டம் (உருகினா எவ்வளவு எளிதா ஓடும்ங்கிற எண்) ரொம்ப விலகக்கூடாது.

கொங்குவெல்டர்
ஹாட் ஏருக்கும் சொல்லிடுங்க அண்ணா, மூடி, சின்ன பைப்புக்கு அதுதானே.

வெல்டுராடு
மூடிக்குச் சரி. பி.இ.க்குக் காற்றுச் சூடு 300 முதல் 320, அதை வெல்டிங் கன் நாசில் வாய்க்கு 5 மி.மீ. உள்ளே அளக்கணும். கன்னோட டயலில் இருக்கிறது அலங்காரம். 60 டிகிரி வி வெட்டு. காற்று நிமிஷத்துக்கு 40, 50 லிட்டர், அதில் எண்ணெய் ஈரம் இருக்கக்கூடாது, கம்ப்ரஸர் காற்றுன்னா ஃபில்டர் போடு. ராடின் இரண்டு பக்கமும் மெல்லிசா உருகல் கோடு எழும்பணும். எழும்பலைன்னா குளிர் வெல்ட். மஞ்சளா பளபளத்தா கருகல்.

சரக்குப்பார்வை
ஷீட்டைப் பற்றி யாருமே கேட்கலையே? கறுப்பு ஷீட் என்றால் உள்ளே எதையும் ஒளிக்கலாம். பழைய கேன், பழைய பைப் உருக்கின ஷீட்டும் கறுப்புதான்.

ஒரு ஓரத்துண்டு வாங்கித் தண்ணீர் வாளியில் போடுங்க. நல்ல எச்.டி.பி.இ.யும் பி.பி.யும் மிதக்கும். முழுகினால் சுண்ணாம்புப் பொடி கலந்திருக்கு. மிதந்துவிட்டால் பாஸ் என்று நினைக்காதீங்க, கொஞ்சமாகக் கலந்தால் மிதக்கும். அடுத்தது எடை: 100 × 100 × 15 மி.மீ. சரியாக வெட்டினால் 150 கன செ.மீ. கறுப்பு பி.இ.100க்கு 143, 144 கிராம் பக்கம் வரணும். 150 தொட்டால் கேள்வி கேளுங்க. இது பொடியைக் காட்டும், ரீசைக்கிள் பிசினைக் காட்டாது. அதற்கு மூலப்பொருள் பெயர், பேட்ச் எண், உருகு ஓட்ட எண், ஆக்சிஜன் தாங்கு நேரம் உள்ள சான்றிதழ் வேணும், ஷீட்டில் அச்சிட்ட பேட்ச் எண்ணோடு ஒத்துப்போகணும். முடிந்தால் அச்சு எழுத்து வெளிப்பக்கம் வரும்படி டேங்க் கட்டச் சொல்லுங்க, பத்து வருஷம் கழித்தும் படிக்கலாம்.

ரீசைக்கிளில் என்ன தப்பு என்றால், மூலக்கூறுச் சங்கிலி ஏற்கெனவே அறுந்தது. முதல் நாள் வலிமை சோதனையில் ஏறக்குறைய அதேதான் வரும். விரிசல் பொறுக்கும் ஆயுள்தான் போயிருக்கும்.

நூல்மில்_மெயின்டனன்ஸ்
இவ்வளவு தலைவலிக்கு பி.பி.+எஃப்.ஆர்.பி. போட்டுட்டுப் போகலாமே. உள்ளே 4, 5 மி.மீ. பி.பி., வெளியே ஃபைபர். பலம் ஃபைபர் பார்த்துக்கும்.

பாலிமர்வாத்தியார்
நல்ல வழிதான், ஒரு நிபந்தனையோடு. பி.பி.யில் ரெசின் ஒட்டவே ஒட்டாது. முதுகில் கண்ணாடித் துணி பதித்த ஷீட் தனியாக விற்கிறது, அதுதான் போடணும். வெறும் ஷீட்டைச் சொரசொரப்பாக்கி ஃபைபர் பூசுகிற ஆளும் இருக்கார். இரண்டும் வெயிலில் நீளும் அளவு வேறு வேறு, ஒரு கோடை தாண்டினதும் பிரிந்துவிடும். பிறகு வெல்டில் ஊசித்துளை விழுந்தால் அமிலம் இரண்டுக்கும் நடுவில் பரவி, ஓட்டை ஒரு இடத்தில், கசிவு மூன்று மீட்டர் தள்ளி. தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

உண்மையைச் சொன்னால் எச்.சி.எல்.லுக்கு 5 கிலோலிட்டர் போதும் என்றால் ஷீட்டே வேண்டாம். கெமிக்கலுக்கென்று வார்த்த ரோட்டோமோல்டு (அச்சைச் சுழற்றி ஒரே துண்டாக வார்ப்பது) டேங்க், அடர்த்தி 1.2 அல்லது அதற்கு மேல் குறித்தது, வாங்கிவிடுங்க. வெல்டே இல்லாத டேங்கில் வெல்ட் உடையாது. மாடியில் வைக்கும் தண்ணீர் டேங்க் வேறு, ஐ.எஸ். 12701 என்ற இந்தியத் தரநிலை தண்ணீருக்கானது. ஷீட் டேங்க் எப்போ வேணும்: அளவு பெரிசு, இடம் கோணல், கேட் வழியாக முழு டேங்க் நுழையாது, நாசில் எங்கே வேணுமோ அங்கே வேணும். அப்போது மட்டும்.

சாயத்தண்ணி
கேட் 1.8 மீட்டர்தான் சார், அதனால்தான் ஷீட். செவ்வகமா செய்தால் இடம் மிச்சம் ஆகுமா?

தொட்டிக்கணக்கு
ஆகும், பணம் மிச்சமாகாது. உருளையில் சுவர் இழுபடுகிறது. செவ்வகத்தில் சுவர் வளைகிறது. பிளாஸ்டிக் இழுவையைத் தாங்கும், வளைவுக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே போகும். 3 மீட்டர் உயரத்துக்கு இரும்புக் கூண்டு இல்லாமல் நடக்காது. அந்த இரும்பை எச்.சி.எல். ஆவி தின்னும், ஏன்னா பிளாஸ்டிக் சுவர் வழியாகவே எச்.சி.எல். கொஞ்சம் கொஞ்சமாக ஊடுருவி வரும். இரும்பைச் சுற்றிலும் பிளாஸ்டிக் உறை போட்டு வெல்ட் செய்யணும். உருளையே போங்க. சுவரைத் துண்டாகக் கொண்டுவந்து உள்ளே கட்டலாம், ஆனால் பட் வெல்ட் மெஷினும் உள்ளே நுழையணும். நுழையாவிட்டால் 20 மி.மீ. எக்ஸ்ட்ரூஷன் கணக்கு.

மஞ்சள்_ஹெல்மெட்
டேங்கர் காற்றடித்து இறக்கும் என்று எழுதியிருக்கீங்க. எனக்கு அதுதான் பயம். அமிலம் தீர்ந்த கணத்தில் டேங்கரில் மிச்சமிருக்கும் அழுத்தக் காற்று மொத்தமும் உங்க டேங்குக்குள் பாயும். வென்ட் குழாய் (ஆவி வெளியேறும் குழாய்) ஸ்க்ரப்பர் பாத்திரத் தண்ணீரில் 100 மி.மீ. முழுகியிருந்தால், அந்த 100 மி.மீ. தண்ணீரே 1 கிலோபாஸ்கல். மூடிப் பரப்பு 3.14 சதுர மீட்டர். மேலே தள்ளும் விசை 300 கிலோவுக்கு மேல். உங்க காலி டேங்கின் மொத்த எடையே 400 கிலோ பக்கம்தான். இது வெறும் நிலை அழுத்தம். காற்று பீறிட்டால் பல மடங்கு. மூடி வெல்ட் கிழியும், இல்லைன்னா அடி மூலை தூக்கும்.

இறக்கும் குழாய் 50 மி.மீ. என்றால் வென்ட் 100. ஸ்க்ரப்பர் பாத்திரத்தில் வென்ட் முழுகுவது 25 மி.மீ. தாண்ட வேண்டாம். அது போக, எடை வைத்த தனி அழுத்த-வெற்றிட மூடி ஒன்று மேலே. வெற்றிடம் ஏன்னா, பம்ப் இழுக்கும்போது வென்ட் அடைத்தால் டேங்க் ஜூஸ் டப்பா மாதிரி உள்ளே போகும். முடிந்தால் காற்றே வேண்டாம், உங்க பக்கம் ஒரு பம்ப் வைத்து இறக்குங்க.

காற்று என்றதும் இன்னொன்று. ஐ.எஸ். 875 தரநிலையில் கோயம்புத்தூருக்குக் காற்று வேகம் 39 மீட்டர்/விநாடி. அந்த வேகத்தில் 3.3 மீட்டர் டேங்கில் விழும் விசை 4.3 கிலோநியூட்டன், கவிழ்க்கும் திருப்பம் 7 கிலோநியூட்டன்-மீட்டர். காலி டேங்கின் எடை தடுப்பது 4தான். காலியாக இருந்தால் உருளும். சென்னைக்கு 50, அங்கே கேட்கவே வேண்டாம். நங்கூரம் வேணும், ஆனால் இறுக்கிக் கட்டக்கூடாது. அதைக் கீழே யாராவது சொல்லுங்க.

வெல்டுராடு
சொல்றேன். எச்.டி.பி.இ. ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.18 மி.மீ. நீளும். 3.3 மீட்டர், 30 டிகிரி ஏற்றம்: 18 மி.மீ. காலையில் இருந்த மூடி மத்தியானம் 18 மி.மீ. மேலே இருக்கும். அடியில் தரைத்தகடு சுவருக்கு வெளியே 50 மி.மீ. நீட்டி விட்டு, அதன் மேல் இரும்புக் கொக்கி லேசா இடைவெளி விட்டு உட்காரணும். தூக்கினால் பிடிக்கணும், நீண்டால் விடணும்.

குழாயும் அப்படித்தான். 3 மீட்டர் தண்ணி டெஸ்டில் 15 மி.மீ. சுவரின் தகைவு 1.96. ஒரு நாள் நிற்கும்போது எச்.டி.பி.இ. விறைப்பை சதுர மி.மீ.க்கு 400 நியூட்டன் என்று எடுத்தால் 0.5 சதவீத நீட்சி, 6.3 மீட்டர் சுற்றளவில் 30 மி.மீ. பக்கம். டேங்க் மூச்சு விடும். அதில் மாட்டின குழாயை முதல் மீட்டரிலேயே சுவரில் கிளாம்ப் போட்டால் நாசில் வெல்ட் உடையும். பெல்லோஸ் (மடிப்புள்ள நெகிழ் இணைப்பு) போடுங்க, வால்வ் எடைக்குத் தனித் தாங்கி வையுங்க.

அடி நாசில்: குழாயை சுவரில் நுழைத்து உள்ளேயும் வெளியேயும் எக்ஸ்ட்ரூஷன், சுற்றிலும் ஷீட் வளையம். நெடுக்குத் தையலில் துளை போடக்கூடாது, தரை மூலை வெல்டை ஒட்டியும் கூடாது. என்னைக் கேட்டால் அடி நாசிலே வேண்டாம், மேலிருந்து முக்குக் குழாயும் ப்ரைமிங் பாட்டும் (பம்ப் இழுக்கத் தொடங்க முன்னாடியே நிரப்பி வைக்கிற பாத்திரம்). பம்ப்காரர் முனகுவார், முனகட்டும். போல்ட் இறுக்கி 24 மணி நேரம் கழித்து மறுபடி இறுக்கணும், பிளாஸ்டிக் காலர் தளர்ந்திருக்கும். எஸ்.எஸ். 316 போல்ட்டும் எச்.சி.எல். ஆவியில் குழிவிழும், தொப்பி மாட்டி கிரீஸ் அடைச்சு, வருஷாவருஷம் மாத்து.

சிவில்_கண்
தரை: கான்கிரீட் மட்டமா, முழு அடியும் படணும். ஒரு கூழாங்கல் கிடந்தாலும் 11 டன் அதன் மேல் உட்காரும். 3 மி.மீ. எச்.டி.பி.இ. ஷீட் விரித்து அதன் மேல் டேங்க். இரும்பு ஸ்டாண்டு வேண்டவே வேண்டாம்.

தடுப்புச் சுவருக்குள் கொள்ள வேண்டியது, டேங்க் அமிலத்தோடு 10 சதவீதம் கூட்டி, 9.42 × 1.1 = 10.4 கன மீட்டர். 4 × 4 மீட்டர் உள்ளளவு என்றால் 0.65 மீட்டர், மழைக்குச் சேர்த்து 0.8. எச்.சி.எல். கான்கிரீட்டைத் தின்னும், அதனால் உள்ளே எஃப்.ஆர்.பி. லைனிங் அல்லது ஆசிட் செங்கல். எல்லாரும் மறப்பது பீச்சல்: 3 மீட்டர் உயர டேங்கில் பாதி உயரத்தில் ஓட்டை விழுந்தால் தியரிப்படி 3 மீட்டர் தூரம் பாயும். உங்க டேங்குக்கும் தடுப்புக்கும் நடுவே 1 மீட்டர்தான். ஆள் நடக்கும் பக்கமாவது பிளாஸ்டிக் திரைத்தட்டி நிறுத்துங்க.

சரக்குப்பார்வை
டெஸ்ட் பற்றி. தரை மூலை வெல்டுக்கு அடியில் மெல்லிய செம்புக் கம்பி வைத்து வெல்ட் போடச் சொல்லுங்க, பிறகு ஸ்பார்க் டெஸ்டர் ஓட்டினால் துளை இருக்கும் இடத்தில் பொறி பாயும். வோல்டேஜை மனம்போல வைக்காதீங்க. வேண்டுமென்றே ஊசித்துளை விட்ட ஒரு மாதிரித் துண்டில் பொறி வரும் அளவுக்கு முதலில் செட் செய்யணும். அப்புறம் தண்ணீர் நிரப்பி 48 மணி நேரம். எச்.சி.எல்.லுக்கு 3 மீட்டர் தண்ணீர் நிரப்பினால் வேலைச்சுமையில் 86 சதவீதம்தான் வரும், அதனால் விளிம்பு வரை 3.3 நிரப்புங்க, 95 ஆகும். இதே டேங்கில் பின்னால் 48 சதவீத காஸ்டிக் ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் அடர்த்தி 1.5 என்று ஞாபகப்படுத்துங்க.

ஒவ்வொரு தையலின் ஓட்டத்திலும் அரை மீட்டர் கூடுதலாக ஒட்டச் சொல்லி, அதை 20 மி.மீ. பட்டையாக வெட்டி மடக்கிப் பாருங்க. வெல்டில் ஒடியக்கூடாது. பழுப்புக் கோடு, குமிழ், உரிந்த தோல் எதுவும் தெரியக்கூடாது.

நூல்மில்_மெயின்டனன்ஸ்
இதே டிசைனில் சல்ஃபூரிக் 98 வைக்கலாமா?

பாலிமர்வாத்தியார்
அடர்த்தி 1.84, கணக்கு முழுக்க மாறும். பி.பி.யை அந்தச் செறிவு அரிக்கும். 98க்கு எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) டேங்க்தான் வழக்கம், நீர்த்த சல்ஃபூரிக்குத்தான் பிளாஸ்டிக். ஹைப்போவும் பி.பி.யில் வேண்டாம், வெல்டில் முதலில் வெடிப்பு விடும்.

சாயத்தண்ணி
எல்லாருக்கும் நன்றி. கொட்டேஷன் கேட்பதை மாற்றி எழுதியிருக்கேன்: கறுப்பு பி.இ.100, பட் வெல்ட் என்றால் 15, உள்ளே எக்ஸ்ட்ரூஷன்தான் முடியும் என்றால் 20, 40 டிகிரி, 33 சதவீத எச்.சி.எல்., கணக்குத் தாள் இணைக்கணும், பேட்ச் சான்றிதழ், மாதிரிப் பட்டைகள், ஸ்பார்க் டெஸ்ட், வென்ட் 100. கொட்டகையும் தடுப்பும் நம்ம செலவு. 12 மி.மீ.காரர் கணக்குத் தாள் கேட்டதும் போனை எடுக்கலை. லெவல் பார்க்க வெளியே டியூப் போடலாமா?

வெல்டுராடு
வேண்டாம், அந்த டியூப்தான் முதலில் உடையும். மிதவை, கயிறு, கப்பி, வெளியே தலைகீழ் ஸ்கேல். 200 ரூபாய் கயிறு, கெட்டுப்போக ஒன்றுமில்லை.

சரக்குப்பார்வை
அமிலம் எங்கிருந்து வருது என்பதையும் எழுதி வாங்குங்க. குளோர்-ஆல்கலி ஆலை அமிலம் என்றால் சுத்தம். வேறு கெமிக்கல் தயாரிப்பில் மிச்சமாக வரும் பை-பிராடக்ட் அமிலம் விலை குறைவு, ஆனால் அதில் டொலுவீன், குளோரோபென்சீன் மாதிரி கரைப்பான் தடம் இருக்கலாம். பி.இ. அதைக் குடித்து ஊதும், மெத்தென்று ஆகும். மேலே போட்ட 1.2 அமிலக் காரணி அதற்குச் செல்லாது. டேங்கர் வரும்போது ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் வையுங்க, மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் திருப்பி அனுப்புங்க.